பதினொரு மணி சைரன்

மார்க்கையன்கோட்டை அருகே பேருந்து பஞ்சராகி நிற்கிறது. நின்று நின்று கால் கடுத்து, ஆற்றோர வயல்வரப்பில் உட்காருகிறேன். இங்கே வெயில், மேற்கே மலை கறுத்துக் கிடக்கிறது. களையெடுக்கும் பெண்கள் நிமிரவே இல்லை. கரையில் ஒரு கம்பத்தின் உச்சியில் வெள்ள எச்சரிக்கை சைரன் தெரிகிறது.

"அக்கா, அது வேலை செய்யுதா?"

"தெனம் பன்னெண்டுக்கு ஊதிப் பாக்குறாக தம்பி," என்கிறார் அருகிலிருந்தவர், இடுப்பைப் பிடித்தபடி. "அது ஊதுனாத்தான் எங்களுக்குச் சோறு."

சைரன் அலறுகிறது. பெண்கள் அப்பாடா என்று எழுகிறார்கள். என் கடிகாரத்தில் மணி பதினொன்று.

"இன்னைக்குச் சீக்கிரமே ஊதிட்டாக!" என் காதோரம் கத்திவிட்டு, அக்கா கைகழுவ ஆற்றுக்குள் இறங்குகிறார்.

"இறங்காதீங்க!" என்று கத்துகிறேன். சைரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.