கொசுறு இல்லாத கணக்கு

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிப்பேன். இதைப்போல நாலு வரி எழுத்துக் கூட்டி எழுதவும் வரும், அவசரப்படுத்தாமல் இருந்தால். மயிலாப்பூர் மாட வீதியில் நெடுங்காலமாகப் பூக்கடை என்னுடையது. நான் முழம் போட்ட பூவைத் திருப்பி அளந்து பார்த்தவர் இன்றுவரை கிடையாது.

என் மருமகள் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துப் போடும் வேலை. வீட்டுக்கு வந்ததும் நீல வாளியில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்பு போட்டு, வீங்கின காலை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பி.காம். முடித்தால் மாடியில் கணக்கு எழுதும் இடத்தில் நாற்காலி தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். தபாலில் படித்து எல்லாம் தேறிவிட்டாள், ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. அதில் இரண்டு தடவை போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் நாற்காலி வேறு ஆளுக்கு.

அதனால் காலையில் வேலைக்குப் போகும் முன் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். நான் பூ கட்டுவேன், அவள் கணக்கைச் சத்தமாகப் படிப்பாள். யாரோ ஒருவன் பேனா விற்கிறானாம். வாடகை அறுநூறு ரூபாய். ஒரு பேனாவைப் பதினாலுக்கு வாங்கி இருபதுக்கு விற்கிறான். எத்தனை விற்றால் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் வாடகை மட்டும் கட்டலாம்?

"பேனாலாம் நமக்கு இன்னாத்துக்கு? மல்லின்னு வெச்சிக்கோ. ஒரு முழம் பதினாலு ரூபா அடக்கம்," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. மல்லி என்றதும், கடைக் கணக்குப் போடுவதுபோலக் கை தானாகப் போட்டது. ஆனால் எங்களுக்கு நூற்றிருபது வந்தது. புத்தகத்தின் பின்னால் நூறு என்று போட்டிருந்தது. மறுபடி போட்டாள், அதே நூற்றிருபது.

"பொஸ்தகம் தப்பு," என்றேன். "எழுதுனவன் ஒரு நாளாச்சும் பூ வித்துக்கீறானா?"

முதலில் சிரித்தாள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, "எனக்கு வராது அத்த. நிக்கறதுதான் நமக்கு எழுதிக்கீது," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் பூவைக் கட்டிக்கொண்டிருந்தேன். நார் மட்டும் கையில் இரண்டு தடவை அறுந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா வந்து ஒரு முழம் கேட்டார். அளந்தேன். அறுக்கும் முன், வழக்கம்போல இரண்டு விரல் நீளம் தள்ளிப் பிடித்து அறுத்துக் கொடுத்தேன். மருமகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த! கொசுறு!"

"குடுத்துட்டேன்டி, கத்தாதே."

"அது இல்ல அத்த. நாம கொசுறுக்கு ஒரு ரூபா சேத்து அடக்கம் பதினஞ்சுன்னு போட்டுக்கினு கீறோம். அந்தாளு கொசுறே குடுக்கல!"

"கொசுறு குடுக்காம எவ வாங்குவா?"

"பரிச்சைல யாரும் வாங்க வரமாட்டாங்க அத்த."

அவள் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால், "கொசுறு கீதா?" என்று நான் கேட்பேன், "இல்ல அத்த," என்பாள். விடை பொருந்தும்.

பரீட்சை அசோக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில். பஸ் ஏற்றிவிடும்போது தலையில் பூ வைத்துவிட்டுச் சொன்னேன்: "தோ பாரு, இன்னிக்கு ஒரு நாளு கஞ்சமா இரு."

பஸ்ஸில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

தேறிவிட்டாள். போனில் வந்த ரிசல்டை என்னிடம் காட்டினாள். அவள் பேரையும் எண்களையும் எழுத்துக் கூட்டி நானே படித்தேன், அவளைப் படிக்க விடவில்லை. இப்போது மாடியில் நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. சாயங்காலம் வந்ததும் காலை நீட்டிக் காட்டுவாள், வீக்கம் இருக்கிறதா என்று நான் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன். நீல வாளியை இப்போது கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன், பூவுக்குத் தண்ணீர் தெளிக்க.

அந்தப் பேனாக்காரனைப் பற்றி மட்டும் என் எண்ணம் மாறவில்லை. மாட வீதியில் அவன் கடை போட்டால் ஒரு வாரம் தாங்கமாட்டான்.