அம்மன் எடுக்காத தலையிடி

போன மாசி மாதம் எனக்கு இருபத்தெட்டாம் கிழமை, ஏழாம் மாதம். மூன்றாவது கர்ப்பம். முந்தைய இரண்டும் தங்கவில்லை. நான்கு நாட்களாகத் தலையிடி விடவில்லை. கண்ணுக்கு முன்னால் வெளிச்சப் புள்ளிகள் பறந்தன. கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகவில்லை. டாக்டர் தந்த நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. கெட்ட செய்தி கேட்கப் பயந்துதான் முன்னதாகப் போகாமல் இருந்தேன். இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு காலையும் எங்கள் டோர்செட் பார்க் வீட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, இந்தத் தலையிடியை மட்டும் எடுத்துவிடு தாயே என்று கேட்டேன். எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் இன்னும் கூடியது. தாங்க முடியாமல், யூனியன்வில்லில் இருக்கும் என் கணவரின் அக்கா வாசுகிக்கு போன் எடுத்தேன். ஏதாவது கைமருந்து சொல்லுவார் என்று நினைத்தேன்.

"கண்ணுக்கு முன்னால ஏதும் மின்னுதோ?" என்று கேட்டார்.

"ஓம் மச்சாள்."

"வெளிக்கிட்டு இரு. நான் வாறன்."

காரில் போகும்போதுதான் சொன்னார். அவருக்கும் இப்படித்தான் வந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனாராம். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லையாம். கலியாணம் முடித்து வந்த ஆறு வருடத்தில் அந்தக் கதையை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் பிரஷர் நூற்றெழுபதைத் தாண்டி நின்றது. டாக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நஞ்சுக்கொடிக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்கவில்லை. அப்படி வாடும்போது அது சில பொருட்களை என் இரத்தத்தில் கலக்க விடுகிறது. அவை என் இரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குவதால் குழாய்கள் இறுகுகின்றன. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் இது தணியத் தொடங்கும். பிள்ளையை உள்ளே வைத்திருந்தால் எனக்கு ஆபத்து. இப்போதே எடுத்தால் பிள்ளைக்கு ஆபத்து.

என் கணவர் சுதன் கட்டில் ஓரத்தில் இருந்து என் கையைப் பிடித்தார்.

"நான் ஆருக்காகக் கும்பிடுறது?"

தலையிடி போயிருந்தால் நான் போன் எடுத்திருக்க மாட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு இதைத் தா, அதை எடு என்று நான் கேட்கவில்லை. "பிள்ளை பிறக்கிற நாளை நீயே குறி தாயே" என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளையின் நுரையீரல் முதிர எனக்கு ஊசி போட்டார்கள். எனக்கு பிரஷர் மருந்து ஏறியது. பிரஷர் பார்க்கும் கைப்பட்டி இறுகும் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டு இலக்கத்தைப் பார்த்தேன். பிள்ளையின் இதயத் துடிப்பு இடைக்கிடை இறங்கும். இறங்கினால் எல்லோரும் ஓடி வருவார்கள். பிறகு அது ஏறும். இரண்டு நாள் கிடைத்தாலே பெரிது என்றார்கள். ஒன்பது நாள் கிடைத்தது. பத்தாம் நாள் காலை பிரஷர் அடங்கவே இல்லை. உடனே சத்திரசிகிச்சை.

தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். பெண் பிள்ளை. அழுதாள். மெல்லிய சத்தம்தான், ஆனால் எனக்குக் கேட்டது. எட்டுக் கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

என் இரத்தக்குழாய்களை இனி ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கவனிக்கிறேன். முன்பு பயம் வந்தால் ஒளித்துவைப்பேன். இப்போது வாய்விட்டுச் சொல்கிறேன்.

கேட்டது கிடைக்காமல் போனவர்களும் இங்கே இருக்கிறீர்கள். என் மச்சாளும் ஒருவர். உங்கள் முன்னால் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அவர்தான், "சொல்லு, கேக்கிற ஒரு பிள்ளையாவது நேரத்தோட போகட்டும்" என்றார். தாயை நம்புங்கள். பயத்தை அவளிடம் இறக்கி வையுங்கள். பிறகு தாமதிக்காமல் எழுந்து போங்கள். போகிற வழியிலும் அவள் இருப்பாள்.