பின் பம்பரில் ஒரு சந்து

"இது நம்ம வண்டி இல்ல" என்று கலா சொன்னபோது, பெயின்ட் காய்ந்து பளபளவென்று நின்ற காரின் பின்பக்கம் அவர் கை இருந்தது. டெலிவரி எடுக்கக் கணவர் தேவாவோடு வந்திருந்தார். கலாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

திருவொற்றியூரில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் கார் பெயின்ட் ஷெட்டில் நான் பட்டி போடுகிறவன். தேவா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். காரின் விளிம்புகளில் அழகுக்காகப் பொருத்தும் பிளாஸ்டிக் பாடி கிட்டை ஆசை ஆசையாக வாங்கி வந்து, "ஜாயின்ட்டே தெரியக்கூடாதுண்ணா, ஒரே பீஸாட்டம் இருக்கணும்" என்று கேட்டிருந்தார்.

பிளாஸ்டிக்கும் தகரமும் சேரும் இடத்தைச் சொரசொரப்பாக்கி, பட்டியில் அதை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து இழுத்து, காய்ந்ததும் எமரி பேப்பரால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். மேடு பள்ளம் கண்ணுக்குப் பிடிபடாது, உள்ளங்கைக்குத்தான் தெரியும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு தடவுவேன். துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல் ஊதுவது எங்கோ கேட்கும். பட்டித் தூள் வெயிலில் மெல்ல மிதக்கும். தகரம் எங்கே முடிந்தது, பிளாஸ்டிக் எங்கே தொடங்கியது என்று கைக்கே தெரியாமல் போகும் ஒரு நேரம் வரும் பாருங்கள், அந்தச் சுகத்துக்காகவே இந்த வேலையில் இருக்கிறேன். "இன்னா மாமு, தூங்கிட்டியா?" என்று மேஸ்திரி குரல் கொடுத்த பிறகுதான் ஷெட்டுக்குத் திரும்பி வருவேன்.

தேவாவின் வண்டியில் அந்தச் சுகம் முழுசாகக் கிடைத்தது. என் கையால் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அதற்கு முன் அமைந்ததில்லை. அதைத்தான் கலா தன் வண்டியில்லை என்றார்.

"நம்ம வண்டிதாம்மே. கிட் போட்டுக்கீது" என்றார் தேவா.

"இங்க ஒரு சந்து இருந்துச்சே, அது எங்க?"

பின் பம்பரும் பாடியும் சேரும் இடது மூலையைக் கேட்கிறார். முன்பு எப்போதோ அடிபட்டு, பம்பர் அங்கே விலகியிருந்தது. "அத்த அண்ணன் சூப்பரா மூடிட்டாரு" என்றார் தேவா.

கலாவின் முகம் வாடிவிட்டது. "சாயங்காலம் நீ என்னக் கூட்டினு போக வரச்சொல்ல, வண்ணாரப்பேட்ட மெட்ரோ வாசல்ல எத்தினி வண்டி நிக்குது. அல்லாரும் ஆரன் அடிக்கிறான். நான் எப்டிக் கண்டுபுடிச்சி ஏறுறேன்னு நெனச்சிக்கினு கீற? அந்தச் சந்துல வெரல் போச்சின்னா என் வண்டி. அங்கேர்ந்து நேரா என் கதவு. எவன் கையையும் புடிக்காத ஏறுவேன். இனிமே அதுக்கும் ஆள் தேடணுமா?"

தேவா அந்த மூலையைத் தானும் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அறுத்துருண்ணா" என்றார்.

"பெயின்ட் அடிச்ச வண்டியவா? பேஜாரு புடிச்ச வேல நைனா" என்று மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் கலா அந்த வழவழப்பில் விரலை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"எங்கன்னு காட்டும்மா" என்றேன்.

அவர் காட்டிய இடத்தில் டேப் ஒட்டி, இரும்பு அறுக்கும் பிளேடால் அறுத்தேன். "இன்னும் கொஞ்சம் அகலமா" என்றார். அகலமாக்கினேன். விரலைக் கிழிக்காதபடி ஓரங்களை நைஸ் எமரி பேப்பரால் மழுக்கி, மறுபடி பிரைமர், மறுபடி பெயின்ட். இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் தேவாவின் ஆசைப்படி ஒரே பீஸாக இருந்தது.

இரண்டாம் முறை டெலிவரி எடுக்க வந்தபோது கலா தேவாவை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, ஷெட் வாசலிலிருந்து தனியாக நடந்து வந்தார். விரல் சந்துக்குள் போனது. அப்புறம் அவர் நடையில் தயக்கமே இல்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

"இன்னா பாத்துக்கினு கீற? வண்டிய எடு" என்றார்.

இப்போதெல்லாம் பாடி கிட் வேலை வந்தால், "வூட்ல வேற யாரு இந்த வண்டியத் தொடுவாங்க?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதில் வரும்வரை பட்டி டப்பாவைத் திறப்பதில்லை.