பதினான்காம் எண் டப்பா

என் மனைவி லுத்விகாவுக்கு நகைப் பைத்தியம் கிடையாது, துணிப் பைத்தியம் கிடையாது. காகிதப் பைத்தியம். போலந்தின் வூச் நகரத்துப் பஞ்சாலையில் நூல்கண்டு எடைபோடுவது அவள் வேலை. நான் ட்ராம் ஓட்டுகிறவன். எங்கள் இரண்டு வம்சத்திலும் கலை என்ற பேச்சையே யாரும் எடுத்ததில்லை. எழுபத்து மூன்றில் ஒருநாள் மழைக்கு ஒரு மாடி வீட்டில் ஒதுங்கியவள், சின்னப் புத்தகம் ஒன்றோடு திரும்பி வந்தாள். பன்னிரண்டு பக்கம். பன்னிரண்டும் வெள்ளை. அட்டையின் உள்பக்கத்தில் மட்டும் பென்சிலால் ‘ஐம்பதில் ஏழு’ என்று எழுதியிருந்தது.

“நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கே,” என்றேன்.

“சும்மாதான் குடுத்தாரு. பதிலுக்கு எங்க ஆலையில ஒருநாள் எத்தனை தடவை நூல் அறுந்துச்சுன்னு எழுதித் தரச் சொன்னாரு.”

கொடுத்தவர் கோர்னெல் என்ற ஓவியர். ஓவியர் என்றுதான் பெயர், தூரிகையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த புத்தகம், ரப்பர் முத்திரை குத்திய அட்டை, உறைக்குள் ஒரு பிடி செங்கல்தூள் என்று எதையாவது செய்வார். முப்பது, ஐம்பது என்று எண் போட்டு வேண்டியவர்களுக்குக் கொடுப்பார். அவ்வளவையும் லுத்விகா படுக்கை விரிப்புகள் வைக்கிற அலமாரியில் அடுக்கினாள். விரிப்புகள் நாற்காலிக்கு வந்துவிட்டன.

எழுபத்தேழில் டப்பா வந்தது. இறைச்சி அடைத்து விற்பார்களே, அதே தகர டப்பா. ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. மேலே ‘முப்பதில் பதினான்கு. மூடியிருக்கும் வரைதான் இது கலை’ என்று ஒரு சீட்டு. உள்ளே என்ன என்று கோர்னெல் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆட்டினால் காகிதம் உரசும் சத்தம் கேட்கும். இறைச்சிக்கு ரேஷன் கூப்பன் வந்த எண்பத்தொன்றாம் வருடம், திறந்து பார்க்கலாமா என்று கேட்டுத் தொலைத்தேன். மூன்று நாள் லுத்விகா என்னோடு பேசவில்லை.

அந்த டிசம்பரில் ராணுவ ஆட்சி வந்தது. ஜனவரியில் கோர்னெலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ராணுவம் முடக்கிய தொழிற்சங்கத்துக்குத் துண்டறிக்கை அச்சடித்தாராம். பிறகு அவரைத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடினார்கள். அவர் எதையும் எழுதிவைக்கிற ஆள் இல்லை, வீட்டைப் புரட்டியும் ஒரு முகவரி கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அதில்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. பக்கத்துக் கட்டடத்து ஆசிரியரை வகுப்பிலிருந்தே கூட்டிப்போனதும் அதுவும் போயிற்று.

புத்தகங்களைக் கணப்பில் போட்டு எரிக்கலாம். டப்பா எரியாதே.

“திறந்துடு, லுத்விகா. உள்ள துண்டறிக்கை இருந்தா என்ன பண்ணுவே?”

“எழுபத்தேழுல சங்கம் ஏது? எண்பதுலதானே வந்துச்சு?”

“அப்ப என்னதான் இருக்கு?”

“தெரியாம இருக்கிறதுதான் அது.”

“ஜெயில்ல உக்காந்து நிதானமா யோசி. நான் முட்டைக்கோஸ் கொண்டுவந்து தரேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளாகவே டப்பா திறப்பானை எடுத்தாள். முதல் குத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

உள்ளே தட்டச்சு செய்த ஒரே ஒரு தாள். ‘திறக்காமல் காப்பாற்றும் இந்த முப்பது பேர்தான் என் படைப்பு.’ கீழே முப்பது பெயர்கள், முழு முகவரியோடு. பதினான்காவதாக லுத்விகா, எங்கள் தெரு, எங்கள் கதவு எண்.

தாளைக் கணப்பில் போட்டேன், சாம்பலையும் கிளறிவிட்டேன். “தப்பிச்சோம்,” என்றேன்.

அவள் காலி டப்பாவைக் கையில் எடுத்தாள். “இன்னும் இருபத்தொன்பது டப்பா இருக்கு, ஜெனோன்.”

பட்டியலில் பெரும்பாலோர் வார்சாக்காரர்கள், அங்கே போய் எச்சரிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். தொலைபேசியை வெட்டிவிட்டார்கள். பட்டியலில் எங்கள் ஊர்க்காரர் இன்னும் ஒருவர்தான், அம்ப்ரோஜி என்ற பல் மருத்துவர். மறுநாள் லுத்விகா கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டாள், நான் துணைக்குப் போனேன்.

கதவைச் சாத்தியதும் துணியை அவிழ்த்து, “டாக்டர், மூணாம் நம்பர் டப்பா உங்ககிட்டதானே?” என்றாள்.

அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. “உங்ககிட்டயும் இருக்கா? போன வாரம் சோதனை போட வந்தாங்கம்மா. புத்தகத்தோட டப்பாவையும் எடுத்தாங்க. திறந்தா கலை செத்துடும், தயவுசெஞ்சு திறக்காதீங்கன்னு கையைப் புடிச்சுக் கெஞ்சினேன். பார்த்துக்கிறோம்னு சொல்லித் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாங்க.”

“நான் திறந்துட்டேன்,” என்றாள் லுத்விகா.

“திறந்துட்டீங்களா? அஞ்சு வருஷம் வச்சிருந்து இப்படிப் பண்ண உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?”

அவள் சொன்னாள், தாளில் இருந்ததை ஒன்றுவிடாமல். அவர் நோயாளிகளின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“திறக்காதீங்கன்னு நான்தானே சொன்னேன்,” என்றார். “நான் சொல்லலேன்னா அதை ஏதோ பழைய டப்பான்னு விட்டிருப்பாங்க.”

வீடு திரும்பும் ட்ராமில் பின்னால் யார் ஏறினாலும் திரும்பிப் பார்த்தேன். உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் லுத்விகா, “என் கம்பளிக் காலுறை எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

இரண்டு ஜோடி எடுத்து வந்தேன். அவள் பையில் ஒரு சோப்பும் பல்துலக்கும் பிரஷ்ஷும் ஏற்கெனவே வைத்திருந்தாள்.