பிலோமினாவைப் பெண் பார்க்க வந்த மூஸ் மான்

டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டைச் சூடாக்கவே எனக்குப் பயம். நான் சைவம். என் மனைவி பருப்பில் பெருங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவாள். மைக்ரோவேவ் கதவைத் திறந்தால் அறையே மூக்கைச் சுளிக்கும். அதனால் குளிரக் குளிரச் சாப்பிட்டு வந்தேன்.

ஒரு நாள், கூட வேலை செய்த நீக்கிலாப்பிள்ளை அண்ணை எனக்கு முன்னால் போய் நின்று தன் பெட்டியைச் சூடாக்கினார். கருவாட்டுக் குழம்பு. அது கொதித்த பிறகு பெருங்காயத்தை யார் கவனிப்பார்கள்? அன்றிலிருந்து தினமும் அவர்தான் முதல். திட்டெல்லாம் அவருக்கே போனது.

அவருக்குக் கருவாட்டில் அவ்வளவு ஆசை என்றே நினைத்திருந்தேன். நெடுநாள் கழித்து அவர் மனைவி றொசானா அக்கா சொன்னா: "அந்த மனுசன் கருவாட்டை வாயில வையாது தம்பி. திடீரெண்டு ஒரு நாள் கட்டித் தா எண்டு நிண்டார். ஏனெண்டு கேட்டாச் சொல்லவுமில்லை."

அப்படியானால் அந்தக் கருவாட்டை யார் சாப்பிட்டது? றெஜான். எங்கள் லொறி ஓட்டும் கெபெக்காரன், இந்த ஊர் வெள்ளைக்காரன். மணம் தாங்காமல் சண்டைக்கு வந்தவன், ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அதன்பின் அவன் அண்ணையின் கருவாட்டைத் தின்பான். அண்ணை அவனுடைய சீஸ் வைத்த பாண் துண்டைத் தின்பார்.

அந்தச் சிநேகிதத்தில்தான் அண்ணை வேட்டைக்குப் போகத் தொடங்கினார். றெஜான் இலையுதிர் காலத்தில் வில்லோடு காட்டுக்குப் போய் மூஸ் மானுக்குக் காத்திருப்பவன். மூஸ் என்றால் நம் ஊர் மான் இல்லை. மாட்டை விட உயரம், கொம்பு முறம் போல அகலம். அண்ணையும் ஒரு வில் வாங்கி, வில்லரேயில் தன் வீட்டு நிலவறையில் பழைய மெத்தையை நிறுத்தி எய்து பழகினார். மெத்தை தப்பித்தது. அரிசி மூட்டைதான் பாவம்.

மூன்று வருஷம் போனார். மூன்று வருஷமும் தடிமனும் தும்மலுமாக வெறுங்கையோடு திரும்பி வந்தார். கடைசியில் றொசானா அக்கா கட்டளை போட்டா: "இந்த முறையும் வெறுங்கையோட வந்தா வில்லை வித்து எனக்கொரு மிக்ஸி வாங்கிறது. கர்த்தர் சாட்சி."

 அண்ணைக்கு இறைச்சி பெரிதில்லை. அந்தக் காட்டு விடியற்காலைதான் பெரிது. வில் போனால் அதுவும் போய்விடும்.

றெஜான் ஒரு வழி சொன்னான்: பொம்மை மூஸ். துணியில் அச்சடித்த பெட்டை மூஸ். காருக்கு வெயில் மறைக்கும் தட்டி போல மடித்தால் தட்டு அளவு, இழுத்துப் பிடித்தால் படாரென்று முழு மூஸ், பிடி தளர்ந்தால் மறுபடி தட்டு. ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். பெட்டை நிற்கிறது என்று கடா வரும். மற்றவர் அம்பு விடலாம். அண்ணை அதை வீட்டு விறாந்தையில் திறந்தபோது, திரு இருதய ஆண்டவர் படம் ஒரு பக்கம் சரிந்தது.

"ஆரிது?" என்று கேட்டா அக்கா.

"பிலோமினா," என்றார் அண்ணை. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பிலோமினாவைப் பிடிக்க வேண்டிய றெஜானுக்கு, புறப்படும் வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. அண்ணை என்னைப் பார்த்தார். கருவாட்டை நினைத்து நான் தலையாட்டினேன். பிள்ளையாரிடம் மட்டும் பேசி வைத்தேன்: அண்ணைக்கு மான் கிடைக்க வேண்டும், மானுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, நீயே பார்த்துச் செய்.

லவாலைத் தாண்டி வடக்கே அரைநாள் ஓட்டம். விடியும் நேரம், குளக்கரையில் பனிப்புகை. றெஜான் முதுகில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு தூரத்து மரத்தடியில் சாய்ந்திருந்தான். நான் பிலோமினாவுக்குப் பின்னால் முழங்காலில். பக்கத்துப் புதரில் வில்லோடு அண்ணை.

பெட்டை மூஸ் கூப்பிடுவது போல நீளமாக முனக வேண்டும். அண்ணை தவக்காலத்தில் கோவிலில் பசான் பாடுபவர். ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரியாக இழுத்துப் பாடுவார்கள் அல்லவா, அதே இழுவையை வாயைக் குவித்து விட்டார். எனக்கே அழுகை வந்தது.

காட்டில் கிளைகள் முறிந்தன. கடா வந்தது. குளத்தில் இறங்கி எழும்பியதால் கொம்பிலிருந்து நீர்ப்பாசி தொங்கியது, மாலை போட்டது போல. நேரே வரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பிலோமினாவைப் பார்க்கும், நிலத்தைப் பார்க்கும். பிறகு பக்கவாட்டில் திரும்பித் தன் வடிவைக் காட்டும்.

அண்ணை வில்லை முழுக்க இழுத்தார். விடவில்லை.

"அண்ணை, அம்பை விடுங்கோ. எனக்குக் கை நோகுது."

"தம்பி, உவன் பொம்பிளை பாக்க வந்திருக்கிறான்."

"அதுக்கு?"

"மாலையும் போட்டுக்கொண்டு வந்தவனை எப்பிடித் தம்பி எய்யிறது?"

அண்ணைக்கு மூன்று பெண் பிள்ளைகள். பார்க்க வந்தவர்கள் றொசானா அக்காவின் கட்லட்டைத் தின்றுவிட்டு, பிறகு, பேந்து சொல்லுறம் என்று போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களையும் அண்ணை மெத்ரோ ரயில் நிலையம் வரை நடந்து போய் வழியனுப்பிவிட்டு வருவார். அவர் குணம் அது.

வில்லை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்று, மூஸிடம் மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, குறை நினைக்காதையும். இண்டைக்கு நாள் சரியில்லை. போட்டுப் பேந்து வாரும்."

அந்த நேரம் பார்த்து என் கை தளர்ந்தது. பிலோமினா படாரென்று சுருண்டு தட்டாகிவிட்டாள். பெண் நின்ற இடத்தில் விபூதி பூசிய என் வழுக்கைத் தலை. கடா என்னை ஒரு கணம் பார்த்தது. பிறகு பிடித்த ஓட்டம், குளத்தைப் பிளந்துகொண்டு போனது. அந்தப் பிராணி மனதில் என்ன நினைத்திருக்குமோ, பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

றெஜான் முதுகை மறந்து எழுந்து திட்டினான். இந்த ஊரில் கோபம் வந்தால் கோவில் சாமான்களின் பெயர்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள். பூசைக் கிண்ணம், நற்கருணைப் பேழை என்று ஒன்றும் விடவில்லை. அண்ணை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு நின்றார்.

வீட்டில் அக்கா பெரிய சட்டியோடு வாசலில் நின்றா. "இறைச்சி எங்க?"

அண்ணை நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அக்கா சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டா.

"பொடியன் ஆள் எப்பிடி?"

"ராசா மாதிரி."

"ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்காமலோ அனுப்பினனீங்கள்?" என்றவ, சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்து சிரித்தா. கண் துடைக்கும் வரை சிரித்தா.

ஆனால் சொன்ன சொல் சொல்தான். வில் போனது, மிக்ஸி வந்தது. அந்த வாரம் முழுக்க அண்ணை சீஸ் பாணையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். றெஜான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் கருவாட்டுக் கையோடு அண்ணையிடம் சொன்னான்: "நிக்கோலா, வில்லை விடு. உன்னைப் போல அழ இங்கே யாருக்குத் தெரியும்? அழவாவது வா."

அக்காவிடம் கேட்டபோது, "நான் வில்லைத்தானே சொன்னனான்," என்றா.

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் வில்லில்லாமல், பிலோமினாவைக் கையில் மடித்துக்கொண்டு, பசான் பாட அண்ணை காட்டுக்குப் போனார். எப்போது விடியும் என்று பார்த்துக்கொண்டே போவார்.

போன வைகாசியில் கடைசி மகளோடு இருக்க அவர்கள் கல்கரிக்குப் போய்விட்டார்கள். வழியனுப்ப டோர்வல் விமான நிலையத்துக்குப் போனேன். அண்ணை பிலோமினாவைப் பையோடு என் கையில் தந்தார். கொஞ்சத் தூரம் போனவர், சக்கரப் பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"தம்பி, அந்தப் பொடியன் திரும்பி வந்தா விறைப்பா நிக்காதையும். பெரியாக்கள் வெளியூர் போட்டினம், ஆனா வீட்டில எல்லாருக்கும் பிடிச்சிருக்கு எண்டு சொல்லும்."