தலை தீபாவளிக்கு வந்த தார்

கள்ளிக்குப்பத்தில் கடல் கிடையாது. அதனால் கடலைப் பற்றி எங்கள் தெருவில் என்ன அளந்தாலும் செல்லும் என்பது லோகநாதனுக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேனாக இருந்துவிட்டு வந்தவர். மற்றவர்களாக இருந்தால் சிங்கப்பூரைப் பற்றிப் பேசுவார்கள். இவர் இன்ஜின் ரூமுக்கு அடியில் தேங்கும் கழிவெண்ணெயைப் பற்றிப் பேசுவார். அதைத் துறைமுகத்தில் இறக்குவது முட்டாள்கள் செய்கிற வேலையாம். கன்னியாகுமரியைத் தாண்டும்போது இன்ஜினியர் கண்ணைக் காட்டுவாராம், இவர் வால்வைத் திறப்பாராம்.

"கடல் இன்னா நம்ம ஊர் குட்டையா? எத்த ஊத்துனாலும் முழுங்கிடும் அண்ணாத்தே!"

டீக்கடையே சிரிக்கும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நான் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

1991இல் மகள் பத்மாவை ஆவடி குவார்ட்டர்ஸ் பையன் சம்பத்துக்குக் கொடுத்தார். மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளப்பாறையையும் ஆமையையும் காக்கிற காவலர் உத்தியோகம் பையனுக்கு. அதையெல்லாம் எவன் திருடப்போகிறான் என்று மாமனாருக்குச் சந்தேகம்தான். சர்க்கார் வேலை என்பதால் பெரிய மனதோடு மன்னித்துவிட்டார்.

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை எண்ணெய்க் குளியலுக்குப் பலகையில் உட்கார்ந்தான். அதிரசம் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன். அவனுடைய உள்ளங்கால் இரண்டும் கன்னங்கரேல் என்றிருந்தன. முகமும் சரியில்லை. விசாரித்தபோது பத்மா அவனுடைய மேலதிகாரி அனுப்பிய ஒரு மெமோவைக் கொண்டுவந்து நீட்டினாள். தீவுக் கரை முழுக்கத் தார் உருண்டைகள். ஏதோ படகு வந்து கொட்டும்போது காவலர் தூங்கியிருக்கிறார். பத்து நாளில் தக்க விளக்கம் தராவிட்டால் வேலை போகும்.

"சத்தியமா ஒரு படகும் வர்ல மாமா. மூணு மாசமா வாரிக்கினே கீறேன், அது வந்துகினே கீது."

லோகநாதன் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, மாப்பிள்ளையின் வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்தார். கல்யாணத்தில் பால் ஊற்றிக் கழுவிய கால்தான். கரைந்து வந்த தாரை விரலில் உருட்டி முகர்ந்து பார்த்தார். அவருக்கா தெரியாது?

வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும், மாப்பிள்ளையின் வேலை போயிருக்கும். அந்த மனுஷர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"எழுதிக்கங்க மாப்ளே. படகு இல்ல. கன்யாகுமரிக்குத் தெக்கால போற கப்பல்ங்க ஊத்துது. ஆனிலேந்து பொரட்டாசி வரிக்கும் நீரோட்டம் கெயக்கால இழுக்கும். அந்த எண்ணெ வெயில்ல காஞ்சி, உருண்டையாயி, உங்க தீவாண்ட ஒதுங்கும்."

சம்பத்தின் முகம் மலர்ந்தது. மெமோவின் பின்பக்கத்திலேயே மளமளவென்று எழுதினான்.

"சூப்பர் மாமா! இத யார் சொன்னதுன்னு கேப்பாங்களே?"

நான் கூரையைப் பார்த்தேன். லோகநாதனின் மனைவி வடிவு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"என் பேரை எழுதுங்க. இருபத்தாறு வருசம் ஊத்துனவன்னு எழுதுங்க."

சம்பத் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு குனிந்து, அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினான். எழுதி முடித்ததும் காலை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டான். இடது காலுக்குத் தேய்க்கப் பத்மாவைக் கூப்பிட்டான்.