நீல நூலும் சிவப்புக் கயிறும்

தெரு அவளுக்கு வைத்த பெயர் ‘திருப்பிப்பாரு’. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு, ஆனால் அது வங்கிக் கணக்கில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. துணி என்று எதைக் கண்டாலும் அவள் கை சும்மா இருக்காது, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே ஆகவேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை கோட்டின் மடிப்பைத் திருப்பிப் பார்ப்பாள். ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவள், டாக்டரின் வெள்ளைக் கோட்டுப் பையை உள்ளே வெளியே புரட்டிவிட்டு, “இந்தத் தையல் ரெண்டு சலவைக்குத் தாங்காது டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்தாள். காய்ச்சலைப் பற்றிக் கேட்க மறந்து போனாள்.

எல்லாம் சட்டைத் தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். படிப்பு முடிந்த கையோடு அங்கே சரிபார்க்கும் பிரிவில் சேர்ந்தவள் அவள். நாள் முழுக்கச் சட்டையை உள்பக்கமாகத் திருப்புவது, பிசிறு பார்ப்பது, மறுபடி நேராக்குவது, அடுத்த சட்டை. முன்பக்கத்தை எந்தக் கத்துக்குட்டியும் பளிச்சென்று காட்டிவிடலாம், குட்டு வெளிப்படுவது பின்பக்கத்தில்தான் என்பது அவள் கட்சி. தொழிற்சாலையை இழுத்து மூடியபோது ஏலத்துக்கு வந்த எம்பிராய்டரி மிஷின் ஒன்றைக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து வாங்கினாள். அது மாடி வீட்டின் முன்னறைக்குள் வந்ததும் சோபா நடைவழிக்குப் போனது. பேருந்து ஓட்டும் அவள் கணவர் அன்றிலிருந்து சுவரோரமாக ஒருக்களித்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். கீழ்வீட்டுக்காரர் மட்டும், “மேல தினமும் யாரோ ஓடிப் பழகுறாங்க போல” என்று ஜாடையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். படத்தை அதில் வரைந்தால், தடித்த கேபிள் வழியாக அது மிஷினுக்குப் போகும், ஊசி இறங்கித் தைக்கும். அந்தக் கேபிளைச் செருகும் இடம் இப்போது வரும் கம்ப்யூட்டர் எதிலும் கிடையாது. இது நினைவிருக்கட்டும், வம்பு முழுக்க இதில்தான்.

கம்ப்யூட்டரைக் கவனித்தது அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. கல்யாணம் கசந்து, தனியாக விடுதியில் தங்கி, ஒரு கம்பெனியில் போனை எடுத்து முகம் தெரியாதவர்களிடம் நாளெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள். “அந்தச் சம்பளமும் வேண்டாம், அந்தத் திட்டும் வேண்டாம், இங்க வா” என்று அண்ணிதான் அழைத்து வந்தாள். வந்தவள் கம்ப்யூட்டரில் ஒரு பூவை வரைந்து மிஷினில் தைத்துக் காட்டிய நாளில் அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் சுத்தம். எதுவும் சொல்லாமல் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவளிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

இந்த வருஷம் நாத்தனார் தானே பல இடங்களில் ஏறி இறங்கித் தன் முதல் ஆர்டரைப் பிடித்தாள். நர்ஸ் படிப்பு முடிக்கும் பெண்களின் வெள்ளைக் கோட்டுகளில் அவரவர் பெயரும் கல்லூரி முத்திரையும் தைத்துத் தரவேண்டும். கோட்டுகள் வந்து நடைவழிச் சோபாவில் மலையாகக் குவிந்தன. அந்த வாரமே கம்ப்யூட்டர் கருகிய வாடை அடித்து உயிரை விட்டது. பார்க்க வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “மதர்போர்டு போயிடுச்சு. இந்த மாடல் கடையில வராது. ஆன்லைன்ல பழசு தேடிப் பாருங்க. ஆனா பாத்து வாங்குங்க, அங்க ஏமாத்துறவங்கதான் ஜாஸ்தி.”

அண்ணிக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நாத்தனார் தானே தேடினாள். ஒருவன் கிடைத்தான். விற்பனைத் தளத்தின் வழியாகப் போனால் தாமதமாகும், நேராக என் கணக்கில் போட்டால் விலை குறைத்துத் தருகிறேன் என்றான். இன்னொருவர் கேட்கிறார், சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் அவருக்குப் போய்விடும் என்று அவசரப்படுத்தினான். பாவம், போட்டுவிட்டாள். பெட்டி வந்தது. குமிழ் பிளாஸ்டிக்கைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தால் உள்ளே குளியலறைச் சுவரில் ஒட்டும் டைல்ஸ் துண்டு. அதிலும் பாதி உடைந்தது. நாசமாய்ப் போகிறவன், முழு டைல்ஸாவது வைத்திருக்கலாம். நாத்தனார் அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றே பழைய கம்பெனிக்குப் போன் செய்தாள். அடுத்த வாரம் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள்.

மறுநாள் வாசல் கதவோரம் அவளுடைய பெரிய பை நின்றது.

“என்ன இது?” என்றாள் அண்ணி.

“எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது அண்ணி. ஒரு குழந்தைகூட ஏமாறாது, நான் போய் ஏமாந்தேன். கோட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்துடுங்க. கண்ணிருந்தும் குருடி நான்.”

“அந்தத் திட்டுற கம்பெனிக்கா போகப் போற?”

“அங்க திட்டுவாங்க. யாரும் என்னை நம்பி எதையும் ஒப்படைக்க மாட்டாங்க. அதுவே நிம்மதி.”

அண்ணிக்கு மனசு ஆறவில்லை. போர்டு வராவிட்டால் போகிறது, பணமும் போகட்டும், இந்தப் பெண்ணின் முதுகெலும்பையும் சேர்த்தல்லவா ஒருத்தன் உருவிக்கொண்டு போய்விட்டான். போகாதே என்று சொல்லிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கணவர் தட்டிலிருந்து தலை தூக்கி, “அவ இஷ்டத்துக்கு விடு” என்றார். “நீங்க சோத்தைப் பாருங்க” என்றாள்.

கடைசியில் ஒரு உடன்பாடு. பை கதவோரமே இருக்கட்டும். கிளம்பும் நாள் வரைக்கும் இருவரும் சேர்ந்து தேடுவது. கிடைத்தால் ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு மற்றதைப் பேசிக்கொள்வது.

இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். நேற்று முளைத்த கணக்கா, தள்ளு. பாராட்டுகள் எல்லாம் ஒரே ஆள் எழுதியது போல ஒரே மாதிரி இருக்கின்றனவா, தள்ளு. ஊர் விலையில் பாதிக்குத் தருகிறேன் என்கிறானா, முதலில் அவனைத் தள்ளு. பொருள் கைக்கு வரும் வரை பணத்தைத் தளமே பிடித்து வைத்திருக்கும் வழியை விட்டு யார் இறங்கச் சொன்னாலும் பேச்சை முறித்துக்கொள்வது. வடிகட்டி வடிகட்டி இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

ஒருவன் கேட்ட மாத்திரத்தில் பதில் போடுவான், வார்த்தைக்கு வார்த்தை ‘மேடம்’ என்பான். இன்னொருவர் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். காலையில் கேட்டால் சாயங்காலம் ஒரே வார்த்தையில் பதில் வரும். “இருக்கு.” “ஓடுது.” அவ்வளவுதான்.

“பொருள் நிஜமாவே இவங்க கையில இருக்கான்னு எப்படித் தெரியும்?” என்றாள் நாத்தனார். “முதல் ஆளும் நல்ல படம்தான் அனுப்பினான். எங்கேயோ எடுத்த படம்.”

அண்ணி நூல்கண்டுகளைப் பார்த்தாள். “போர்டு மூலையில திருகு போட ஓட்டை இருக்குல்ல? அதுல நீல நூலை விட்டு முடிச்சுப் போடச் சொல்லு. முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு, ரெண்டு படம். கையில இருந்தாத்தானே கட்ட முடியும்?”

இரண்டு பேருக்கும் எழுதிப் போட்டார்கள்.

மேடம்காரனிடமிருந்து டீ ஆறுவதற்குள் படங்கள் வந்தன. போர்டு பளபளவென்று மின்னியது. மூலையில் நீல நூல், பார்க்கப் பார்க்க அழகான முடிச்சு. இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் மேடம், ஆனால் தளத்தில் ஏதோ கோளாறு காட்டுகிறது, முன்பணம் மட்டும் என் கணக்கில் போட்டுவிடுங்கள் என்று கூடவே ஒரு வரி.

பட்டறைக்காரரின் படங்கள் சாயங்காலம் வந்தன. மங்கலாக இருந்தன, பாதி இடத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்தது. மூலை ஓட்டையில் அழுக்கேறிய சிவப்புக் கயிறு தொங்கியது. கீழே, “நூல் இல்ல. ஷூ கயிறு.”

அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நீலம்னு சொன்னா சிவப்பு. நூல்னு சொன்னா ஷூ கயிறு. ஒரு நூலுக்கு வக்கில்லாதவன் போர்டை மட்டும் ஒழுங்கா வெச்சிருக்கப் போறானா? அந்தப் பையனைப் பாரு, சொன்னதைச் சொன்னபடி செஞ்சிருக்கான். என்ன ஒரு முடிச்சு. தொழில் தெரிஞ்ச கை.”

“தளத்துக்கு வெளியே பணம் கேட்கிறானே அண்ணி?”

“முன்பணம்தானே கேட்கிறான். கோளாறுன்னு சொல்றான்ல?”

கவனியுங்கள், பேசுவது யார்? மாப்பிள்ளை கோட்டையும் டாக்டர் கோட்டையும் விட்டுவைக்காத திருப்பிப்பாரு. பை கதவோரம் நிற்கிறது, கிளம்பும் நாள் நெருங்குகிறது, எப்படியாவது அவளை நிறுத்திவிட வேண்டும் என்ற அவசரம் கண்ணை மறைத்துவிட்டது. கேட்ட நீலம் கேட்டபடி வந்ததும் மயங்கிவிட்டாள். அதே கையோடு போனை எடுத்துவிட்டாள், கட்டைவிரல் பணம் அனுப்பும் பொத்தானைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணி, இருங்க.”

நாத்தனார் மிஷின் நாற்காலியில் உட்கார்ந்து தன் போனில் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். பிறகு போனை அண்ணியிடம் நீட்டினாள்.

“முன்னால கட்டின நூல் பின்னால எங்கே?”

அண்ணி பார்த்தாள். முன்பக்கத்தில் ஓட்டை வழியாக நுழைந்து முடிந்திருந்த நூல், பின்பக்கப் படத்தில் இல்லை. அதே மூலை, அதே ஓட்டை, காலியாக. ஓட்டைக்குள் போன நூல் பின்னால் வராமல் எங்கே போகும்? கட்டியிருந்தால்தானே வருவதற்கு. கம்ப்யூட்டரில் வரைந்து ஒட்டியிருக்கிறான், அதுவும் முன்பக்கத்தில் மட்டும். பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான். பட்டறைக்காரரின் பின்பக்கப் படத்தைத் திறந்தார்கள். மங்கலாக, விரலோடு, ஆனால் அங்கே சிவப்புக் கயிறு ஓட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி போனைக் கீழே வைத்தாள். காது மடல் வரை சூடேறியது. இத்தனை வருஷம் ஊர் உலகத்தின் பின்பக்கத்தையெல்லாம் பார்த்தவள், பார்க்கவேண்டிய ஒரே ஒரு நாளில் பார்க்காமல் விட்டாளே. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது, சந்தோஷம் அதைவிட அதிகமாக வந்தது.

“நான் மாட்டியிருப்பேன்” என்றாள். “பணத்தைப் போட்டிருப்பேன். எனக்கும் ஒரு டைல்ஸ் வந்திருக்கும்.”

“நீங்களா?”

“நானேதான். சத்தியமா. அவசரத்துல யாரா இருந்தாலும் ஏமாறுவாங்க. நீ குருடியில்ல. அப்படிப் பாத்தா இந்த வீட்டுல குருடி நான்தான்.”

டைல்ஸ் வந்த நாளுக்குப் பிறகு நாத்தனார் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நடைவழியிலிருந்து கணவர், “அப்ப ரெண்டு டைல்ஸையும் சேர்த்து குளியலறைல ஒட்டியிருக்கலாம்” என்றார். இந்தமுறை யாரும் அவரைச் சோற்றைப் பார்க்கச் சொல்லவில்லை.

மேடம்காரனைப் பற்றி அந்தத் தளத்தில் புகார் எழுதினார்கள். பட்டறைக்காரருக்குப் பணம் தளத்தின் வழியாகப் போனது. பார்சல் வந்ததும் கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்திவைத்து, அண்ணி போனில் படம் பிடிக்க, நாத்தனார் பெட்டியைப் பிரித்தாள். குமிழ் பிளாஸ்டிக்கின் கடைசிச் சுற்றை எடுத்தபோது முதலில் தெரிந்தது அந்தச் சிவப்புக் கயிறு. மனுஷர் அவிழ்க்கக்கூட இல்லை. மெக்கானிக் வந்து மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது, மிஷின் ஒருமுறை உறுமிவிட்டு ஊசியை இறக்கியது. கீழ்வீட்டில் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக அண்ணி ஏங்கிப் போயிருந்தாள்.

பெயர் பெயராகக் கோட்டுகள் தைத்து முடிந்தன. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய காலையில், நாத்தனார் கதவோரம் நின்ற பெரிய பையை முன்னறைக்கு இழுத்து வந்தாள். உள்ளே இருந்த தன் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். கோட்டுகளை அடுக்கக் காலியான பையைத் தரையில் விரித்து வைத்துவிட்டு, முதல் கோட்டை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்த்தாள். பிறகு அதை அண்ணியிடம் நீட்டினாள்.

“பாருங்க அண்ணி.”

அண்ணியின் கை பழக்கதோஷத்தில் பாதி தூரம் போனது. போன கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“நீ பாத்துட்டேல்ல” என்றாள். “மடிச்சு வை.”